சொந்தமாகக் கட்டிய ட்ரோன் தானே வழி தேடிப் பறக்கலாமா?

#1 · கரிச்சான்

எட்டு வருடமாக ட்ரோன் கட்டி வருகிறேன். முதலில் கட்டியது, ரிமோட்டிலிருந்து கையை எடுத்தால் கவிழ்ந்துவிடும். இப்போது மேசைமேல் இருப்பது வேறு ரகம். ட்ரோனை நிலையாகப் பறக்கவைக்கும் ஃப்ளைட் கண்ட்ரோலர் பலகைக்குப் பக்கத்தில் உள்ளங்கையளவு கணினி ஒன்று, முன்பக்கம் இரட்டைக் கேமரா. போய்ச்சேர வேண்டிய இடத்தை மட்டும் சொல்கிறேன். நடுவில் மரம் இருந்தால் அதைச் சுற்றிப் போகும் வழியை அதுவே கண்டுபிடிக்கிறது. இரண்டு மாதம் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போன வாரம் வெளியே எடுத்துப் போனேன். ஆள் நடமாட்டமில்லாத திடல், மூன்று மரம், நாம் நடக்கும் வேகம். தானாகப் புகுந்து தானாக வெளியே வந்தது. ரிமோட் என் கையில்தான் இருந்தது, விரல் சுவிட்சின்மேல். அழுத்தத் தேவைப்படவில்லை.

திரும்பி வந்ததும் சந்தோஷத்தோடு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. நான் செய்தது எந்த விதிக்குள் வருகிறது? உட்கார்ந்து படித்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/947 விதியில் தன்னியக்கப் பறப்புக்கு ஒரு வரையறை இருக்கிறது: விமானி குறுக்கிட முடியாத நிலையில் நடக்கும் பறப்பு. நம்மைப் போன்றவர்கள் பறக்கவிடும் 'திறந்த' பிரிவில் அதற்கு அனுமதி இல்லை. முன்பே வகுத்த பாதையில் தானாகப் போய் வருவது வேறு கணக்கு, அதற்குத் தடை இல்லை. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் தொலைவிலிருந்து இயக்குவது, மாதிரி விமானம், தன்னியக்கம் என மூன்று உட்பிரிவு வைக்கின்றன. அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குப் பறப்பவரோ அவர் பக்கத்தில் நிற்கும் துணையாளரோ ட்ரோனைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

என்னால் குறுக்கிட முடியும், ஆகவே என் ட்ரோன் ஐரோப்பிய வரையறைப்படி தன்னியக்கம் ஆகாது. ஆனால் எந்த மரத்துக்கு இடப்பக்கம் போவது என்பதை நான் முடிவு செய்யவில்லையே!

'குறுக்கிட முடியுமா' என்று சட்டம் கேட்பது சரியான கேள்விதான். ஆனால் அதற்கு அடுத்த கேள்வி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. குறுக்கிட முடியாமல் போனால் அந்த ட்ரோன் என்ன செய்யும்? எடை, வேகம், உயரம், பதிவு எண் எல்லாம் கேட்கிறார்கள். கையில் கட்டிய ட்ரோனுக்கு இதைக் கேட்பவர் அபூர்வம். கட்டியவர் நாம் என்பதால் பதிலை நாம்தான் எழுதி வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்?

#2 · பால்சாமரம்

தம்பி, நீங்கள் சொன்ன வரையறையைப் படித்ததும் எனக்கு மேனார்ட் ஹில் நினைவுக்கு வந்தார். மாதிரி விமானம் கட்டுகிறவர்களுக்கு அவர் பெயர் தெரியாமல் இருக்காது, இளையவர்களுக்காகச் சொல்கிறேன்.

2003 ஆகஸ்டில் அவருக்கு 77 வயது. பார்வை கிட்டத்தட்ட இல்லை, காதும் மந்தம். பால்சா மரத்தில் தொட்டுத் தடவியே கட்டிய விமானம், எரிபொருளோடு சேர்த்து 5 கிலோவுக்குள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கையால் வீசி ஏற்றினார்கள். 38 மணி 52 நிமிடம் கழித்து அட்லாண்டிக்கைத் தாண்டி அயர்லாந்துக் கரையில் இறங்கியது. ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். ஏற்றுவதும் இறக்குவதும் மட்டும் ரேடியோவில், நடுவில் முழுக்க ஜிபிஎஸ்ஸும் தானியங்கி விமானியும்தான். அதற்கு முன் அனுப்பியவை கரை சேரவில்லை.

நடுக்கடலில் யார் குறுக்கிடுவது? இன்றைய வரையறையில் வைத்தால் அது அப்பட்டமான தன்னியக்கப் பறப்பு. நம் பொழுதுபோக்கின் பெருமைகளில் ஒன்று அது. இதே மாதிரி ஒன்றை இன்று ஒருவர் செய்ய நினைத்தால் எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. நான் விதிகளுக்கு எதிரி இல்லை. ஆனால் அந்த மாதிரி முயற்சிக்கு ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும்.

#3 · ரோட்டார்சத்தம்

நான் இங்கே எழுதுவது குறைவு. மீட்பு ஹெலிகாப்டரில் பின்னிருக்கையில் வேலை பார்க்கிறேன், ஓய்வு நாளில் ட்ரோன் பறக்கவிடுகிறேன். இரண்டு பக்கமும் தெரியும்.

கரிச்சான், உங்கள் மூன்று மரச் சோதனை எனக்குப் பயம் தரவில்லை. பயம் தருவது எது தெரியுமா? 2017 செப்டம்பரில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுப் பக்கம் ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரில் ஒரு ட்ரோன் மோதியது. பறக்கவிட்டவர் சுமார் 4 கிலோமீட்டர் தள்ளி நின்றார். மோதியதே அவருக்குத் தெரியாது, விசாரணை அதிகாரிகள் தொடர்புகொண்ட பிறகுதான் தெரிந்தது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயின்போது தண்ணீர் ஊற்றும் விமானத்தின் இறக்கையை ஒரு சின்ன ட்ரோன் ஓட்டை போட்டது. தீ எரிந்துகொண்டிருக்கும்போது அந்த விமானம் தரையில் நின்றது.

நாங்கள் தாழ்வாகப் பறப்பவர்கள். பல நாடுகளில் ட்ரோனுக்கு உயர வரம்பாக இருக்கும் 120 மீட்டருக்குக் கீழே வர வேண்டிய அவசியம் எங்களுக்கு அடிக்கடி வரும். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதற்கு நேரம் இருக்காது. உங்கள் கேமரா மரத்தைப் பார்க்கும். பின்னாலிருந்து வரும் ஹெலிகாப்டரைப் பார்க்குமா? அதனால்தான் கண்ணில் பட்டபடி பறக்கவேண்டும் என்ற விதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பால்சாமரம் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

#4 · பால்சாமரம்

கோபம் இல்லை. அட்லாண்டிக் நடுவில் தாழ்வாக ஹெலிகாப்டர் வருவதும் ஊருக்குமேல் வருவதும் ஒன்றல்ல என்பதை ஒத்துக்கொள்கிறேன். நான் கேட்டதும் இடம் பார்த்துத் தரும் அனுமதியைத்தான்.

#5 · மின்தடம்

ரோட்டார்சத்தம் சொன்ன இரண்டு விபத்தும் கடையில் வாங்கிய ட்ரோன், கையில் ரிமோட் பிடித்த மனிதர். முடிவெடுத்தது இயந்திரம் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு பேசினால் நல்லது.

அப்புறம், நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். ட்ரோனை ஓட்டும் திறந்த மூல நிரலான ஆர்டுபைலட் ஓடிய ஆரம்பகாலப் பலகைகளில் இருந்தது 8 பிட் சிப், 16 மெகாஹெர்ட்ஸ். அதில் நிலைத்து நிற்பதும் வேபாயிண்ட் எனும் முன்பே குறித்த புள்ளிகளைத் தொடர்வதும்தான் முடியும், அதற்கே ஒவ்வொரு பைட்டையும் எண்ணிச் செலவழித்தார்கள். சுவிட்சர்லாந்தின் ஈடிஎச் சூரிச் பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டமாகத் தொடங்கிய பிக்ஸ்ஹாக் பலகை 32 பிட், 168 மெகாஹெர்ட்ஸ் கொண்டுவந்தது. ஜிபிஎஸ், காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் பாரோமீட்டர், காம்பஸ், முடுக்கமானி சொல்வதையெல்லாம் சேர்த்து எடைபோட்டு, எதை எவ்வளவு நம்புவது என்று நொடிக்கு நொடி முடிவெடுக்கும் 'வடிகட்டி' நிரல் அதற்குப் பிறகுதான் வசதியாக ஓடத் தொடங்கியது. இன்று கேமராக் கணக்கு தனிக் கணினிக்குப் போய்விட்டது. அதுவும் ஃப்ளைட் கண்ட்ரோலரும் மேவ்லிங்க் என்ற செய்தி மொழியில் பேசிக்கொள்கின்றன.

2022 இல் சூரிச் பல்கலைக்கழகத்தின் ஸ்விஃப்ட் என்ற ட்ரோன், பந்தய வீரர்கள் மூன்று பேரோடு 25 ஓட்டம் ஓடி 15 இல் வென்றது. 2025 ஏப்ரலில் அபுதாபியில் டெல்ஃப்ட் பல்கலைக்கழக அணியின் ட்ரோன் ஒரே ஒரு கேமராவை வைத்துக்கொண்டு மனித வீரர்களை முந்தியது. இவை ஆய்வகங்கள், நம் மேசை இல்லைதான். ஆனால் அவர்கள் வைத்திருந்த கணினி வகை நாமும் வாங்கக்கூடியது, முறைகளும் கட்டுரையாக வெளியாகிவிட்டன.

இங்கேதான் கரிச்சானின் கேள்வி எனக்கு உறைக்கிறது. எதிர்பாராத ஒன்றைப் பார்த்து, 'இது தப்பு' என்று புரிந்து, சுவிட்சைத் தட்டுவதற்கு ஒரு நொடி என்று வையுங்கள். நடக்கும் வேகத்தில் ட்ரோன் அதற்குள் ஒன்றரை மீட்டர் போகும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 20 மீட்டர் போய்விடும். அந்த வேகத்தில் மரங்களுக்கு நடுவே பறக்கும்போது 'விமானி குறுக்கிட முடியும்' என்பது தாளில் மட்டும்தான் உண்மை. ஆக, வேகம் கூடக் கூட ஒரே ட்ரோன் ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு நழுவுகிறது. வரையறையில் இது வரவில்லை.

#6 · புதுச்சிறகு

வணக்கம். கல்லூரி இரண்டாம் ஆண்டு. இப்போதுதான் முதல் ஜிபிஎஸ் ட்ரோன் கட்டினேன். நடந்ததைச் சொல்கிறேன், எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

ஒரே இடத்தில் நிற்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் நின்றது, பிறகு சின்ன வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது, வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. பதறிப்போய் 'புறப்பட்ட இடத்துக்குத் திரும்பு' சுவிட்சைப் போட்டேன். திரும்பவில்லை. இன்னும் வேகமாக வேறு பக்கம் வளைந்து போய் வேலியில் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை, ஒரு கை உடைந்தது. ஆபத்துக்கு என்று வைத்த சுவிட்சே ஆபத்தைக் கூட்டியதுதான் எனக்குப் புரியவில்லை.

#7 · மின்தடம்

காம்பஸ், தங்கை. வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். பேட்டரி வயரில் ஓடும் மின்னோட்டம் தன்னைச் சுற்றிக் காந்தப்புலத்தை உண்டாக்கும். காம்பஸ் பக்கத்தில் இருந்தால் வடக்கு எது என்பதைத் தப்பாகச் சொல்லும். ட்ரோன் இடப்பக்கம் போவதாக நினைத்து வேறு திசையில் போகும், திருத்தப் பார்த்து மேலும் விலகும், அதுதான் வட்டம். ஜிபிஎஸ்ஸையும் காம்பஸையும் ஒரு குச்சிமேல் உயர்த்தி வையுங்கள். தூரம் கூடினால் அந்தப் புலம் சட்டென்று குறையும். பறந்ததைப் பதிந்துவைக்கும் லாக்கில் மின்னோட்டத்தையும் காந்த அளவையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் அந்தச் சுவிட்ச். திரும்பி வருவதற்கும் ட்ரோனுக்கு அதே காம்பஸ்தான் வேண்டும். கெட்டுப்போன ஒன்றை நம்பியே மீட்பும் நடக்கிறது. அந்த நேரத்தில் போட வேண்டியது ஜிபிஎஸ்ஸை நம்பாத முறை: உயரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை உங்கள் கைக்கு விடுவது. அந்த முறையில் கை பழகிய பிறகுதான் தானாகப் பறக்கும் எதையும் தொட வேண்டும்.

#8 · கரிச்சான்

தங்கை கேட்டதுதான் நான் முதலில் கேட்க நினைத்ததன் சாரம். ஜிபிஎஸ் போனால் திரும்பி வருவதும் போகும், எல்லைக்கோட்டை மதிக்கும் ஜியோஃபென்ஸும் போகும். இரண்டு பாதுகாப்பு என்று நாம் நினைக்கிறோம். வேர் ஒன்றுதான். உயர வரம்பு மட்டும் பாரோமீட்டரை வைத்து நிற்கும்.

இதை ரொம்பத் தீவிரமாக யோசித்த ஒரு விதிமுறை உண்டு. ஆஸ்திரேலியாவில் நடந்த அவுட்பேக் சேலஞ்ச் போட்டி. காணாமல் போன 'அவுட்பேக் ஜோ' என்ற பொம்மை மனிதரைத் தேடிக் கண்டுபிடித்துத் தண்ணீர் போட வேண்டும். 2014 இல் வென்ற கான்பெராயூஏவி அணி, ஆர்டுபைலட்டை வளர்த்தவர்கள் சேர்ந்த பொழுதுபோக்காளர் அணிதான். அந்தப் போட்டியில் விமானம் எல்லையைத் தாண்டினால் தன்னைத் தானே வீழ்த்திக்கொள்ள வேண்டும். இறக்கையிலும் வாலிலும் உள்ள திருப்புத் துடுப்புகளை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பிச் சுழன்று கீழே வந்துவிட வேண்டும். தகவல் தொடர்பு அறுந்தால் என்ன, ஜிபிஎஸ் போனால் என்ன, இரண்டும் சேர்ந்து போனால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் பதில் கேட்டார்கள். அதற்காக எழுதிய நிரல் இன்றும் ஆர்டுபைலட்டில் இருக்கிறது.

மாதக்கணக்கில் உழைத்துக் கட்டியதை நாமே மோதி அழிக்கும்படி நிரல் எழுதுவது எவ்வளவு வலிக்கும் என்று கட்டியவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அதை எழுதினார்கள். எங்கோ போய் யார் தலையிலோ விழுவதைவிடத் தெரிந்த இடத்தில் விழட்டும் என்று. விதி வைத்தவர்களும் விமானம் கட்டியவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து யோசித்ததால் வந்த பதில் அது. எனக்கு இதுதான் வேண்டும்.

#9 · தனிவழி

நல்ல பேச்சு போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் அரசுகள் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, 'நீ யார், எங்கே நிற்கிறாய்' என்றுதான் கேட்கின்றன. அமெரிக்காவின் ரிமோட் ஐடி விதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 இல் வந்தது, 2024 மார்ச்சிலிருந்து கண்டிப்போடு நடைமுறையில் இருக்கிறது. ட்ரோன் தன் அடையாளம், இடம், உயரம், வேகத்தோடு இயக்குபவர் நிற்கும் இடத்தையும் வானொலியில் சொல்லிக்கொண்டே பறக்க வேண்டும். சொந்தமாகக் கட்டியதாக இருந்தால் தனியாக ஒரு கருவியை மாட்ட வேண்டும், அது புறப்பட்ட இடத்தைச் சொல்லும். இல்லையென்றால் அதற்கென்று ஒதுக்கிய திடலில்தான் பறக்கலாம்.

அந்த அலையைப் பக்கத்தில் இருக்கும் யாரும் ஒரு கைபேசியில் பிடிக்கலாம். புதுச்சிறகு தனியாக ஒரு திடலில் நின்று பறக்கவிடுகிறார் என்று வையுங்கள். அவர் நிற்கும் இடம் ஊருக்கே தெரிய வேண்டுமா? என் அக்கா மகள் இந்தக் காரணத்துக்காகவே தனியாகப் போவதை நிறுத்திவிட்டாள். அடையாள எண்ணுக்கு உரியவர் யார் என்பது அதிகாரிகளுக்கு மட்டும்தான் தெரியும் என்கிறார்கள், சரி. ஆள் எங்கே நிற்கிறார் என்பது தெரிந்தால் போதாதா?

#10 · ரோட்டார்சத்தம்

நீங்கள் சொல்லும் பயம் நியாயமானது. அதைத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் தென்பட்டதாகச் சொல்லி ஓடுதளத்தை மூடினார்கள். சுமார் ஆயிரம் விமானங்கள், ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பயணிகள். அங்கே உண்மையிலேயே ட்ரோன் இருந்ததா என்பது கடைசிவரை உறுதியாகவில்லை. வானத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது அதிகாரிகளுக்கு மொத்தமாக மூடுவதைத் தவிர வழி இல்லை. ட்ரோன் இருக்கும் இடம் எங்களுக்குத் தெரிந்தால் போதும். ஆள் இருக்கும் இடம் காவல்துறைக்கு மட்டும் திறக்கும்படி மறையாக்கம் செய்யலாம். அந்தத் திருத்தத்துக்கு நான் கையெழுத்துப் போடுவேன்.

#11 · தனிவழி

அப்படிச் செய்தால் என் எதிர்ப்பில் முக்கால் பங்கு போய்விடும். ட்ரோனின் இடத்தை மறைக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

#12 · பால்சாமரம்

எடை வரம்பைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். 250 கிராமைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்கிறார்களே, அந்த எண் எங்கிருந்து வந்தது? 249 கிராமுக்கு இழைத்து இழைத்துக் கட்டுகிறார்கள் பிள்ளைகள்.

#13 · மின்தடம்

2015 இல் அமெரிக்காவில் பதிவு விதிக்காகக் கூட்டிய குழு போட்ட கணக்கு, ஐயா. தலையில் விழுந்தால் உயிருக்கு ஆபத்து என்று 80 ஜூல் ஆற்றலை எடுத்துக்கொண்டார்கள். உயரத்திலிருந்து விழும்போது நொடிக்கு 25 மீட்டர் வேகம் என்று வைத்தால் 250 கிராமுக்கு 78 ஜூல் வருகிறது. அந்தப் பதிவு விதியையே 2017 மே மாதம் நீதிமன்றம் மாதிரி விமானங்களுக்குச் செல்லாது என்றது, அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் மறுபடி கொண்டுவந்தது. ஆனால் எண் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இந்தியாவில் மிகச் சிறிய ட்ரோன்களுக்கான நானோ பிரிவின் வரம்பும் 250 கிராம்தான். பிரிட்டன் 2026 இலிருந்து பறப்பவருக்கான தேர்வை 100 கிராமுக்கே இறக்கிவிட்டது.

விழும் பொருளுக்கான கணக்கு இது. தானாக நினைத்துப் பறக்கும் பொருளுக்கு இது பதில் சொல்லாது. நான் 240 கிராமில் கேமரா வைத்துத் தானாகப் பறக்கும் ஒன்றைக் கட்டினால் பல இடங்களில் அது மிக லேசான விதிக்குள் வந்துவிடும். 3 கிலோவில், கையால் மட்டும் ஓட்டும் நிதானமான ஒன்றுக்கு அதைவிடக் கெடுபிடி. எடையும் வேண்டும், ஆனால் எடை மட்டும் போதாது.

#14 · தனிவழி

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். உக்ரைன் போரில் பறப்பவை நாம் வாங்கும் அதே மோட்டார், அதே பலகை, சிலவற்றில் அதே திறந்த மூல நிரல். குறியைக் கேமராவில் பூட்டிக்கொண்டு தொடர்பு அறுந்த பிறகும் போகும் வகை வந்துவிட்டது. அதைப் பார்த்துப் பயந்து நம் கையிலிருக்கும் பாகங்களுக்கும் பூட்டுப் போடுவார்கள்.

#15 · கரிச்சான்

இதைப் பற்றி லேசாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆர்டுபைலட் உருவாக்குநர்களின் நடத்தை நெறியில், தெரிந்தே ஆயுதமாக்க உதவமாட்டோம் என்ற உறுதி இருக்கிறது. நானும் அதையே கடைப்பிடிக்கிறேன். எதையாவது துரத்தச் சொல்லித் தருமாறு கேட்டு வந்த இரண்டு பேருக்கு மறுத்திருக்கிறேன். ஆனால் நிரல் ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருக்கிறது. பாகங்களைப் பூட்டினால் போர் நடத்துபவர்களுக்கு வேறு வழி உண்டு, புதுச்சிறகுக்குத்தான் இல்லை.

#16 · புதுச்சிறகு

காம்பஸை 12 சென்டிமீட்டர் உயர்த்தினேன். லாக்கில் மின்னோட்டம் ஏறும்போது காந்த அளவு இப்போது அசையவே இல்லை! உயரம் மட்டும் பிடிக்கும் முறையில் தினமும் ஒரு பேட்டரி தீரும்வரை பழகுகிறேன். மின்தடம் அண்ணாவுக்கு நன்றி. கரிச்சான் அண்ணா, 'பதிலை எழுதி வைக்க வேண்டும்' என்றீர்களே, நீங்கள் எழுதியதைக் காட்ட முடியுமா?

#17 · கரிச்சான்

எழுதத் தொடங்கியபோதுதான் எனக்கே தெரியாத ஒன்று தெரிந்தது. அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

தாளில் முதல் வரி, 'ரிமோட் தொடர்பு போனால்'. ஐந்து மீட்டர் உயரத்தில் ரிமோட்டை அணைத்தேன், திரும்பி வந்து இறங்கியது. இரண்டாவது, 'ஜிபிஎஸ் போனால்'. சிமுலேட்டரில் பறித்தேன். தரையிறங்கும் முறைக்குப் போனது, ஆனால் இருக்குமிடம் தெரியாததால் காற்றடித்த பக்கம் நகர்ந்துகொண்டே இறங்கியது. ஆகவே காற்று தள்ளும் பக்கம் ஆள் இருந்தால் பறக்கக் கூடாது என்று எழுதினேன்.

மூன்றாவது, 'கேமராக் கணினி நின்றுபோனால்'. பட்டென்று நின்றுவிடும் என்று உறுதியாக நம்பியிருந்தேன். அதனால் சோதித்ததே இல்லை. திடலில், மரம் எதுவும் இல்லாத பக்கம் போகவிட்டு, கணினியின் மின்சாரத்தை மட்டும் துண்டித்தேன். ட்ரோன் நிற்கவில்லை. கடைசியாக வந்த வேகக் கட்டளையைப் பிடித்துக்கொண்டு அதே திசையில் போய்க்கொண்டே இருந்தது, மூன்று நொடி. பிறகுதான் நின்றது. ஃப்ளைட் கண்ட்ரோலர் புதிய கட்டளைக்காகக் காத்திருக்கும் நேரம் இயல்பாகவே மூன்று நொடி என்று வைத்திருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. நடக்கும் வேகத்தில் நாலரை மீட்டர் கண்மூடிப் பயணம். போன வாரம் மரங்களுக்கு இடையே இருந்த இடைவெளி அதைவிடக் குறைவு.

அந்த நேரத்தை அரை நொடிக்குக் குறைத்துவிட்டு மறுபடி நான்கு முறை துண்டித்தேன். நான்கு முறையும் ஒரு மீட்டருக்குள் நின்றது.

#18 · ரோட்டார்சத்தம்

அந்தத் தாளை அப்படியே இங்கே ஒட்டுங்கள். நாலாவது வரியாக 'தாழ்வாக ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். விமானங்கள் தம் இடத்தைச் சொல்லி அனுப்பும் ஏடிஎஸ்-பி அலையைப் பிடிக்கும் சின்னக் கருவி கிடைக்கிறது, ஆனால் தாழ்வாக வரும் எல்லோரும் அதை அனுப்புவதில்லை. காதையும் நம்புங்கள். கேட்டதும் உடனே கீழே இறக்கிவிடுங்கள், திரும்பி வரச் சொல்லாதீர்கள். திரும்பி வருவதற்கு அது முதலில் மேலே ஏறும்.

#19 · கரிச்சான்

சேர்த்துவிட்டேன். ஏறும் உயரத்தை நான் 30 மீட்டர் என்று வைத்திருந்தேன், அதையும் மாற்றுகிறேன். இன்று இரவு தாளை ஒட்டுகிறேன். புதுச்சிறகு, உங்களுடையதையும் கொண்டுவாருங்கள். உங்கள் ட்ரோனில் கணினி இல்லை, மூன்றாவது வரி உங்களுக்குத் தேவைப்படாது. காம்பஸ் கெட்டால் என்ன என்ற வரி உங்களிடம்தான் இருக்கிறது, என் தாளில் இல்லை.